ஆள் நிற்காத கான்

தம்பி,

இந்தக் கடிதத்தை உன் பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவே வைத்துவிட்டால், நீ விமானம் ஏறிப் போய் இறங்கிய பிறகுதான் காண்பாய் என்று முதலில் நினைத்தேன். அது எனக்கு வசதியான யோசனை. நீ ஏழு கடல் தாண்டி நின்று கோபப்பட்டால் எனக்கென்ன? பிறகு யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருடமும் இந்த விஷயத்தில் என் வசதியைப் பார்த்துத்தானே வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாகப் போய்விட்டது. ஆகவே பெட்டிக்கு மேலே, உன் கடவுச்சீட்டுக்குக் கீழே வைக்கிறேன். அம்மா உன் பெயருக்கு அர்ச்சனை செய்யவென்று கீழ்மாடி அன்ரியின் காரில் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போயிருக்கிறார். நீ உன் சிநேகிதர்களிடம் பயணம் சொல்லப் போயிருக்கிறாய். இரண்டு பேரும் வருவதற்குள் எழுதி முடிக்கவேண்டும். எனக்கு எழுத்து வேகமாக வராது என்பது உனக்குத் தெரியும். தண்ணீர் நிற்பாட்டப் போகிறோம் என்று கட்டடத்தில் நோட்டீஸ் ஒட்டுவதற்கே நாலு தரம் எழுதிக் கிழிக்கிற ஆள் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை இரவில் நுளம்பு கடிக்காமல் கட்டிப் படுக்க உனக்கு நுளம்புவலை வாங்கக் கென்னடி வீதியால் போனோம் அல்லவா? நான் காரை ஓட்ட, நீ பக்கத்தில் இருந்து உன் சிநேகிதியோடு போனில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு வந்தாய். தாய்லாந்து எல்லையில் முகாம், மலைப்பக்கத்துச் சனங்கள், ஆறு மாதத் தண்ணீர் வேலை, தாங்கி வைப்பது, குழாய் போடுவது என்று விளக்கிக்கொண்டு வந்தவன், அந்தப் பிள்ளை என்ன கேட்டதோ, குரலைத் தணித்தாய். ஏழு வயதில் உன்னை ஒரு தண்ணீர்க் கானோடு நிற்கச் சொன்னார்கள் என்றாய். நீ நிற்காமல் போனாய் என்றாய். அதனால்தான் உன் தங்கச்சி இன்றைக்கு இல்லை என்றாய். அப்பாவுக்கு இவ்வளவு ஆங்கிலம் விளங்காது என்று நினைத்திருப்பாய். பத்து வருடமாக இந்த டோர்செட் பார்க் கட்டடத்தைப் பராமரிக்கிற சுப்பிரிண்டனாக இருந்து, இருநூறு வீட்டுச் சனத்தின் ஏச்சையும் ஆங்கிலத்திலேயே வாங்குகிறவனுக்கு அது விளங்காதா? பச்சை விளக்கு விழுந்தது தெரியாமல் அப்படியே நின்றேன். பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்த பிறகுதான் காரை எடுத்தேன். நீ போனை வைத்ததும் நான் உன்னிடம் கேட்டது, வலை ஒன்று போதுமா, இரண்டாக வாங்குவோமா என்பதுதான்.

நீ இதைப் புதிதாக நினைக்கத் தொடங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் இருந்தபோது, ஒருநாள் உன் பள்ளிக்கூடத்தில் இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். வகுப்புப் பிள்ளைகளோடு வரிசையில் நின்ற நீ காற்சட்டையோடே சிறுநீர் கழித்துவிட்டாய். கழிப்பறை நாலடி தூரத்தில் இருந்தது. ஆசிரியை போகச் சொல்லியும், கையைப் பிடித்து இழுத்தும், இடத்தைவிட்டு அசையமாட்டேன் என்று நின்றாயாம். மொழிபெயர்க்க வந்த அன்ரி, பிள்ளை சரியான பயந்த சுபாவம் என்றார். நானும் பெரிய மனிதன் மாதிரித் தலையாட்டினேன். திரும்பி வரும்போது உனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தேன். ஸ்ரீட்கார் தரிப்பிலும் முன்னால் நின்ற கிழவரின் முதுகைப் பார்த்தபடி நீ கல்லாக நின்றாய். ஐஸ்கிறீம் உருகி முழங்கை வரைக்கும் வழிந்தது. எதனால் இந்தப் பிள்ளை வரிசையை விட்டு விலகமாட்டேன் என்கிறது என்று அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. உன்னைக் குனிந்து பார்த்து ஒரே ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது, வழியுது நக்கடா என்று. அன்றைக்கு உனக்கு ஒன்பது வயது.

உனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் ஒரு சின்னப் பிள்ளையின் உயரத்தில் இருந்து பார்த்தவை. நான் பார்த்தது தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் வண்டியின் ஏணிப்படியில் நின்று. ஆகவே முதலில் இருந்து சொல்கிறேன். சண்டை முடிந்த கையோடு எங்களை வவுனியாப் பக்கத்து முகாமில் கொண்டுபோய் விட்டபோது, ஒரு தறப்பாள் கூடாரத்துக்கு இரண்டு குடும்பம். நாங்கள் நாலு பேர், சோதி அக்காவும் அவருடைய தாயும். சாப்பாடு எப்படியோ வந்து சேர்ந்தது. தண்ணீருக்குத்தான் சீவன் போனது. நாளுக்கு ஒருமுறை பவுசர் வரும், சில நாள் அதுவும் வராது. எந்த நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. நிழலுக்கு ஒரு மரம் இல்லாத வெட்டையில் காலையில் இருந்து யாரால் நிற்க முடியும்? அதனால் சனங்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கான் வரிசையில் நின்றால் ஆள் நின்ற மாதிரி. கானை வைத்துவிட்டு மருந்துக்குப் போகலாம், விறகு பொறுக்கப் போகலாம், கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் தெரிந்த முகம் ஏதாவது நிற்கிறதா என்று பார்த்து வரலாம். வரிசை நகரும்போது பின்னால் நிற்கிறவர் அந்தக் கானையும் காலால் ஒரு அடி முன்னுக்குத் தள்ளிவிடுவார். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. மற்ற எல்லாம் பறிபோன இடத்தில் அந்த ஒரு மரியாதை மிஞ்சிக் கிடந்தது.

அதைக் கெடுத்தவன் நான். சில பேர் ஐந்து, ஆறு கான்களை அடுக்கிவிட்டுக் கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டார்கள் என்பது உண்மைதான். கடைசியில் நின்றவர்களுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை என்பதும் உண்மைதான். ஒருநாள் இரண்டு பெண்கள் தலைமயிரைப் பிடித்துச் சண்டைபோட்டு ஒருத்திக்கு நெற்றி வெடித்தது. கிளிநொச்சியில் பம்ப் மெக்கானிக்காக இருந்தவன் என்பதால், வரிசையைப் பார்க்கிற பொறுப்பை எங்கள் பக்கத்துச் சனம் என் தலையில் கட்டிவிட்டது. குழாயைக் கையில் வாங்கிக்கொண்டு ஏணிப்படியில் ஏறி நின்று நான் ஒரு சட்டம் போட்டேன். ஆள் நிற்காத கான் வரிசையில் இல்லை. பவுசர் வரும் நேரம் பக்கத்தில் ஆள் நிற்காவிட்டால், அந்தக் கான் கடைசிக்குப் போகும். அடுக்கிவைத்தவர்களின் கொட்டம் அடங்கியது. அண்ணை நீதியான ஆள் என்று சனம் பேசிக்கொண்டது. தம்பி, வீடு போய், வேலை போய், காலில் செருப்புக்கூட இல்லாமல் நின்றவனுக்கு அந்தச் சொல் என்ன போதை தந்தது என்று உனக்கு என்னால் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. இரவல் சாரத்தை உடுத்துக்கொண்டு நான் மந்திரி மாதிரி நடந்து திரிந்தேன்.

உன் தங்கச்சி நிலானிக்கு இரண்டு நாளாக வயிற்றோட்டம். நாலு வயதுப் பிள்ளை, கண் உள்ளே போய், உதடு வெடித்துக் கிடந்தது. அன்று காலை அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவக் கூடாரத்துக்குப் போனார். அங்கேயும் ஒரு வரிசை. போகும்போது உன்னைக் கானோடு நிற்கச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் கான் நீலம். கைபிடியில் அம்மா தன் பழைய பச்சைச் சேலைக் கரையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டியிருந்தார். நீயும் நின்றாய். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நின்றாய். அதற்கிடையில் அடுத்த ஒழுங்கையில் யாரோ பிஸ்கற் கொடுக்கிறார்கள் என்று பிள்ளைகள் ஓடினார்கள், நீயும் ஓடினாய். ஏழு வயதுப் பிள்ளை ஓடாவிட்டால்தான் அதிசயம். அந்த நேரம் பார்த்துப் பவுசர் வந்தது.

பத்தாவதோ பதினோராவதோ இடத்தில் அந்த நீலக் கான் நின்றது. பக்கத்தில் ஆள் இல்லை. பச்சைத் துண்டைக் கண்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது மற்றவர்களுக்கும் தெரிந்தது. அவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிலானி வருத்தமாகக் கிடப்பது, அந்தத் தண்ணீர் அவளுக்குத்தான் என்பது எனக்குத் தெரியும். அம்மா எங்கே போயிருக்கிறார் என்றும் தெரியும். உன்னைக் கூப்பிட்டு ஒரு சத்தம் போட்டிருக்கலாம். பின்னால் நின்ற மனிசன் எங்கள் கானைத் தள்ளிவிடக் காலை எடுத்தும்விட்டான். நான் ஏணிப்படியில் இருந்து இறங்கிப் போய்க் கானைத் தூக்கினேன்.

அவன் மெதுவாகச் சொன்னான். "அண்ணை, உது உங்கட வீட்டுக் கான் எல்லே?"

"அதுக்கென்ன," என்றேன் நான், நாலு பேருக்குக் கேட்கவேண்டும் என்று கொஞ்சம் உரத்து. "எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

கொண்டுபோய்க் கடைசியில் வைத்துவிட்டு வந்து திரும்பவும் குழாயைப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் நீ வந்தாய். உன் கையில் இரண்டு பிஸ்கற் இருந்தது, ஒன்றைக்கூட நீ கடித்திருக்கவில்லை. கான் இருந்த இடத்தைப் பார்த்தாய், பிறகு வரிசையைத் தேடிக்கொண்டு போய்க் கடைசியில் கானைக் கண்டுபிடித்து அதன் பக்கத்தில் நின்றாய். நான் மேலே இருந்து பார்த்துக்கொண்டே மற்றவர்களின் கான்களை நிரப்பினேன். உனக்கு முன்னால் ஐந்தாறு பேர் நிற்கும்போது பவுசரில் தண்ணீர் முடிந்தது. குழாயில் இருந்து காற்றுத்தான் வந்தது. வரிசை கலைந்த பிறகும் நீ கானோடு நின்றாய், நான் வந்து கூட்டிப்போகும் வரைக்கும்.

அம்மா மருத்துவக் கூடாரத்தில் இருந்து ஜீவனிப் பக்கற்றோடு திரும்பி வந்தார். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற தூள் அது. கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். தூள் இருந்தது, தண்ணீர் இல்லை. சோதி அக்கா தன் கானில் இருந்து ஒரு போத்தல் தந்தார், அவரிடமும் அவ்வளவுதான் தர இருந்தது. நான் முகாம் ஓரத்து ஆற்றுக்குப் போய்க் கலங்கல் தண்ணீர் அள்ளி வந்தேன். அதைக் கொதிக்கவைக்கப் போதிய விறகு இல்லை. அரைகுறையாகச் சுட்டதைத் துணியில் வடித்துக் கொடுத்தோம். அடுத்த நாள் அவளை வாகனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தாய் மட்டும் வரலாம் என்றார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நானும் நீயும் நின்றோம். மூன்றாம் நாள் அம்மா தனியே திரும்பி வந்தார். அந்த ஒரு கான் தண்ணீர் கிடைத்திருந்தால் பிள்ளை தப்பியிருக்குமா என்று நான் எந்த டொக்டரிடமும் இன்றைக்கு வரைக்கும் கேட்டதில்லை. ஓம் என்று சொன்னால் தாங்கமாட்டேன். இல்லை என்று சொன்னால் நம்பமாட்டேன்.

கானைத் தூக்கியது யார் என்று சோதி அக்கா அம்மாவுக்குச் சொல்லியிருந்தார். அம்மா என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நான் ஏதாவது நியாயம் பேசியிருப்பேன், எனக்குத்தான் நியாயத்துக்குக் குறைவில்லையே. அடுத்த நாளில் இருந்து அவரே கானோடு வெயிலில் நின்றார். தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, ஒரு கையைக் கானின் மேல் வைத்தபடி, காலையில் இருந்து பவுசர் வரும் வரைக்கும் நிற்பார். நான் நீதியான ஆளாகக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஏணிப்படியில் நிற்பேன். அவர் முறை வரும்போது கானை நீட்டுவார், நான் நிரப்புவேன். ஏழு மாதம் இப்படித்தான் போனது. நீ தூக்கத்தில் கானைப் பற்றிப் புலம்பினால், உன்னில் பிழை இல்லையடா ராசா என்று அம்மா உன் முதுகைத் தடவுவார். பிழை யாரில் என்று சொல்லமாட்டார். அதைச் சொல்லவேண்டிய ஆள் பக்கத்தில் தறப்பாளைப் பார்த்துப் படுத்திருந்தான்.

இத்தனை வருடத்தில் அம்மா அதைப் பற்றிச் சொன்னது என்றால் ஒரே ஒரு தரம்தான். அதுவும் நேரே சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தைப்பொங்கலுக்கு முதல்நாள், லோறன்ஸ் வீதித் தமிழ்க் கடையில் சனம் பிதுங்கி வழிந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு தள்ளுவண்டி சாமான்களோடு தனியே நின்றது. அதற்குரியவர் மறந்துபோன எதையோ எடுக்க உள்ளே போயிருந்தார். உனக்கு என் குணம் தெரியும்தானே. ஆளில்லாத வண்டிக்கு என்ன வரிசை என்று சொல்லி, அதை ஒதுக்கிவிட்டு முன்னுக்குப் போகக் கையை வைத்தேன். அம்மா என் கையை எடுத்துவிட்டார். பிறகு தன் இரண்டு கைகளாலும் அந்த வண்டியை மெதுவாக முன்னுக்குத் தள்ளினார்.

"விடுங்கோ," என்றார். "அவ வருவா."

என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு இளம் பெண் இடுப்பில் குழந்தையோடு, கையில் ஒரு பக்கற் சர்க்கரையோடு ஓடிவந்தார். அம்மா குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுச் சிரித்தார். நான் பொருட்களை விட்டுவிட்டு வெளியே வந்து காருக்குள் இருந்து அழுதேன். அன்று நீ கேட்டாய், அப்பாவுக்கு ஏன் கண் சிவந்திருக்கிறது என்று. பனிக்காற்று என்றேன்.

கட்டடத்தில் தண்ணீரை நிற்பாட்டவேண்டிய நாட்களில் நான் வால்வைப் பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு மாடியாகப் போய்க் கதவு தட்டுவதைப் பார்த்து நீ பகிடி பண்ணுவாய். நோட்டீஸ் ஒட்டியாச்சுத்தானே அப்பா, பிறகும் ஏன் வீடு வீடாக என்பாய். அலுவலகத்தில் இருக்கிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். கைக்குழந்தை இருக்கிற வீடு, நடக்கமுடியாத ஆட்கள் இருக்கிற வீடு எல்லாம் எனக்கு மனப்பாடம். அவர்கள் வாளியில் பிடித்து வைத்துவிட்டோம் என்று சொன்ன பிறகுதான் கீழே இறங்குவேன். இதனால் எதையும் ஈடுகட்டலாம் என்று நான் நினைக்கவில்லை. கதவு தட்டாமல் வால்வைப் பூட்ட எனக்கு வரவில்லை.

நீ அங்கே போனதும் உன் கையிலும் ஒருநாள் குழாயைத் தருவார்கள். படித்த பிள்ளை, நேர்மையான பிள்ளை, வரிசையை நீ பார் என்பார்கள். சட்டம் போடவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், அங்கேயும் ஆறு கான் அடுக்கிவிட்டுப் படுக்கிறவர்கள் இருப்பார்கள். ஆனால் ஆள் நிற்காத கான் ஒன்றைக் கண்டால், அதற்குரியவள் எங்கேயோ ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னொரு வரிசையில் நிற்கிறாள் என்று முதலில் நினை. நினைத்தது பிழையாக இருந்தால் இருக்கட்டும். காலால் ஒரு அடி முன்னுக்குத் தள்ளிவிடு. நீதியான ஆள் என்று யாராவது உன்னைச் சொன்னால், அன்றைக்குக் கொஞ்சம் கவனமாக இரு.

போகாதே என்று உன்னை மறிக்க எனக்கு வாயில்லை. நீ செய்யாத பிழைக்குப் பரிகாரம் தேடிக்கொண்டு போகிறாயோ என்றுதான் பயப்படுகிறேன். விருப்பத்தோடு போகிறாய் என்றால் போ. தங்கச்சிக்காகப் போகிறாய் என்றாலும் போ. கானை விட்டுப்போன பிள்ளை என்று மட்டும் நினைத்துக்கொண்டு போகாதே. நீ திரும்பி வந்து கடைசிவரைக்கும் நின்ற பிள்ளை. கானைத் தூக்கியது நான். அதை உனக்குச் சொல்லாமல் இத்தனை வருடம் உன் தலையில் அதைச் சுமக்க விட்டதும் நான். மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன், நன்றாக இல்லை, வெட்டிவிட்டேன். நீ ஏசினால் கேட்டுக்கொண்டிருப்பேன். பேசாமல் விட்டாலும் எனக்கு அது பழக்கம்.

வியாழக்கிழமை விமான நிலையத்துக்கு நான் வரவேண்டாம் என்றால் ஒரு சொல் சொல்லு, அம்மாவை மட்டும் அனுப்புகிறேன். வரலாம் என்றால், எனக்கு அங்கே ஒரேயொரு வேலை தா. பெட்டி கொடுக்கிற வரிசை நீளமாக இருக்கும். உனக்குக் கழிப்பறைக்குப் போகவேண்டி வரலாம், தண்ணீர் குடிக்கவேண்டி வரலாம், அந்தச் சிநேகிதப் பிள்ளையோடு தனியே நின்று இரண்டு வார்த்தை பேசவேண்டி வரலாம். போடா தம்பி, அவசரப்படாமல் ஆறுதலாகப் போய்விட்டு வா. வரிசை நகரும்போது உன் பெட்டியை நான் தள்ளிக்கொண்டு நிற்பேன். யாராவது கேட்டால், ஆள் வருவான் என்று சொல்லுவேன்.

அப்பா